வயதான நட்சத்திரத்தின் பேரேட்டில் ஒரு புது வரவு



உங்களில் சிலர் ‘போன் ஸ்கேன்’ எடுத்திருப்பீர்கள். கையில் ஊசி போட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, இரண்டு மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, அப்புறம்தான் கருவிக்குக் கீழே படுக்க வைப்பார்கள். அந்த ஊசி மருந்தில் மிக மிகச் சிறிய அளவில் இருப்பது டெக்னீசியம் என்ற உலோகம். எலும்புக்கு மட்டுமல்ல, இதயம், தைராய்டு, சிறுநீரகம் என்று பல உறுப்புகளைப் பார்க்க உலகம் முழுவதும் மருத்துவர்கள் இதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

ஸ்கேன் அறைக்கு வருவதற்கு முன்பே இந்த உலோகம் வேறொரு இடத்தில் பெரிய சாட்சி சொல்லியிருக்கிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு, தீபாவளிக்குக் கொளுத்தும் சிவப்பு மத்தாப்பு, அமெரிக்கன் டைமண்ட் தோட்டில் இருக்கும் கல், இன்வெர்ட்டர் பேட்டரிக்குள் இருக்கும் காரீயம் ஆகியவற்றின் மூலப்பொருட்கள் எங்கே உண்டாயின என்ற கேள்விக்கு விடை கிடைத்தது அந்தச் சாட்சியத்தால்தான். இந்தக் காலாண்டில் அந்த வரலாற்றைச் சொல்கிறேன்.

நான் பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ‘இவருக்கும் வானியலுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று நீங்கள் கேட்கலாம். படிக்கப் படிக்க, இது அடிப்படையில் ஒரு கணக்கு விவகாரம் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஒரு கணக்கில் இருக்கவே கூடாத தொகை இருந்தது. அது எப்படி வந்தது என்று தேடிப் போனார்கள்.

முதலில் அந்த உலோகத்தின் ஜாதகம். ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் தனிமங்களை அட்டவணை போட்டபோது சில கட்டங்களைக் காலியாக விட்டார். மாங்கனீசுக்குக் கீழே இருந்த கட்டம் அதில் ஒன்று. இன்றைய கணக்கில் அது 43-ஆம் எண். மற்ற காலி இடங்கள் பல ஒவ்வொன்றாக நிரம்பின. 43 நிரம்பவில்லை. 1925-இல் ஜெர்மனியில் மூவர் அதைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்து ‘மசூரியம்’ என்று பெயரும் வைத்தார்கள். அவர்கள் கூடவே அறிவித்த 75-ஆம் தனிமமான ரீனியம் உறுதியானது. மசூரியத்தை உலகம் ஏற்கவில்லை.

கடைசியில் அது கிடைத்தது மண்ணிலிருந்து அல்ல, தபாலில். அமெரிக்காவின் பெர்க்லியில் எர்னஸ்ட் லாரன்ஸ் சைக்ளோட்ரான் என்ற அணு உடைக்கும் இயந்திரத்தை வைத்திருந்தார். அதில் நாள்பட அடிவாங்கிய ஒரு மாலிப்டினத் தகட்டை, சிசிலித் தீவின் பலெர்மோ பல்கலைக்கழகத்திலிருந்த எமிலியோ செக்ரே என்ற இளைஞருக்கு 1937-இல் உறையில் போட்டு அனுப்பினார். மாலிப்டினம் 42-ஆம் தனிமம். செக்ரேயும் அவருடைய சகா கார்லோ பெரியரும் அந்தப் பழைய தகட்டைக் கரைத்துப் பிரித்துப் பார்த்தபோது 43 இருந்தது. மனிதன் செய்த முதல் தனிமம் அது. அதனால்தான் ‘செயற்கையானது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1947-இல் டெக்னீசியம் என்று பெயர் வைத்தார்கள்.

பூமியில் ஏன் அது கிடைக்கவில்லை? அதற்கு நிலையான வடிவம் எதுவும் கிடையாது. எந்த வகையை எடுத்தாலும் கதிர்வீச்சை வெளியிட்டு வேறொரு தனிமமாக மாறிவிடும். நம் கதைக்கு வேண்டியது டெக்னீசியம்-99. அதன் அரை ஆயுள் சுமார் 2,11,000 ஆண்டுகள். அதாவது, இன்று ஒரு கிலோ இருந்தால் 2,11,000 ஆண்டு கழித்து அரைக் கிலோ. அதற்கு மேலும் அதே அளவு காலம் போனால் கால் கிலோ.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. தேய்மானம் கணக்கிடுவதில் குறைந்து செல்லும் இருப்பு முறை என்று படித்தோமே, அதேதான். தேய்மான விகிதம் 50 சதவீதம். கணக்காண்டு மட்டும் 2,11,000 வருடம். காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 10 முறை பாதியானால் இருப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு. 20 முறை பாதியானால், அதாவது சுமார் 42 லட்சம் ஆண்டில், பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 2 கோடி ஆண்டைத் தாண்டினால் பின்னத்தின் கீழே 1-க்குப் பின் 30 பூஜ்யம் போட வேண்டும். பூமிக்கு வயது 450 கோடி ஆண்டுக்கு மேல். இங்கே ஆரம்ப இருப்பாக எவ்வளவு டெக்னீசியம் இருந்திருந்தாலும் எப்போதோ தீர்ந்துபோயிருக்கும். யுரேனியத் தாதுவில் அவ்வப்போது புதிதாக உண்டாகும் துளிகள்தான் இன்று இயற்கையில் உள்ளவை.

இனி ஆளைப் பார்ப்போம். பால் மெரில் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வான்காணகத்தில் 1919 முதல் வேலை பார்த்தவர். பெரிய தத்துவங்களைப் பேசியவர் அல்ல. வயதாகி, ஊதிப் பெருத்து, சிவந்து, மாதக்கணக்கில் மெல்ல ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களின் நிறமாலையை வருடக்கணக்கில் படம் பிடித்துக்கொண்டே இருந்தார். நட்சத்திர ஒளியைப் பட்டகம் போன்ற கருவியால் பிரித்தால் வண்ணப் பட்டையில் கறுப்புக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் கோடுகள் விழும் இடம் நிச்சயமானது. சிவப்பு நட்சத்திரங்களில் வழக்கமாக டைட்டானியம் ஆக்சைடின் தடயம் தெரியும். சிலவற்றில் மட்டும் அதற்குப் பதிலாக சிர்கோனியம் ஆக்சைடு தூக்கலாக இருந்தது. இவற்றைத் தனி வகையாகப் பிரித்து ‘எஸ்’ வகை என்று 1922-இல் பெயர் வைத்தவரும் மெரில்தான். சிர்கோனியம் ஏன் இவ்வளவு அதிகம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

நாங்கள் காசோலையில் உள்ள கையெழுத்தை மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பணம் கொடுப்போம். நட்சத்திரக் கோடுகளுக்கும் அப்படியே. மாதிரி அட்டை இல்லாத தனிமத்தை அடையாளம் காண முடியாது. டெக்னீசியத்துக்கு அந்த அட்டை 1950-இல்தான் தயாரானது. அதற்குள் அணு உலைகள் வந்துவிட்டதால் போதுமான டெக்னீசியம் கையில் இருந்தது; அமெரிக்கத் தரநிர்ணய ஆய்வகத்தில் மெகர்ஸ், ஸ்கிரிப்னர் என்ற இருவர் அதன் கோடுகளை அளந்து வெளியிட்டார்கள். மெரில் அதைத் தன் எஸ் வகை நட்சத்திரப் படங்களோடு ஒப்பிட்டார். ஆண்ட்ரோமெடா மண்டலத்தில் உள்ள ‘ஆர் ஆண்ட்ரோமெடே’ முதலிய நட்சத்திரங்களில் கோடுகள் பொருந்தின. 1952-இல் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 64. பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் அதே ஆண்டில்தான். நம் போன்ற ஓய்வூதியக்காரர்கள் இதை ஒரு கணம் நின்று ரசிக்கலாம்.

இந்த நட்சத்திரங்களுக்கு வயது பல கோடிக் கணக்கான ஆண்டுகள். அவை பிறந்தபோதே டெக்னீசியம் இருந்தது என்று யாராவது சொன்னால் நாம் மேலே போட்ட தேய்மானக் கணக்கு அதை அடித்துவிடும். ஆரம்ப இருப்பு பூஜ்யம். ஆனால் இன்றைய இருப்பு பூஜ்யமில்லை. அப்படியானால் சமீபத்தில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. வரவு வைத்தது யார்?

மெரில் உடனே முடிவுக்குத் தாவவில்லை. மூன்று சாத்தியங்களை வரிசைப்படுத்தினார். பூமியில் இன்னும் கண்ணில் படாத நிலையான டெக்னீசியம் ஒன்று இருக்கலாம். நட்சத்திரமே அதைத் தயாரித்துக்கொண்டு இருக்கலாம். அல்லது இந்த எஸ் வகை நிலையே மிகக் குறுகிய காலம் நீடிப்பதாக இருக்கலாம். நல்ல ஆடிட்டர் எழுதும் குறிப்பு இப்படித்தான் இருக்கும். இரண்டாவதுதான் சரி என்று சீக்கிரமே தெரிந்தது. மூன்றாவதிலும் பாதி உண்மை இருந்தது.

இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? அந்தக் காலத்தில் தனிமங்களின் பிறப்பைப் பற்றி இரண்டு கட்சிகள் இருந்தன. 1948-இல் ஜார்ஜ் காமோவும் அவருடைய மாணவர் ரால்ப் ஆல்பரும், பெருவெடிப்பின் முதல் சில நிமிடங்களிலேயே எல்லாத் தனிமங்களும் உண்டாகிவிட்டன என்று எழுதினார்கள். கணக்குத் தொடங்கிய அன்றே முழு டெபாசிட்டும் போட்டாகிவிட்டது, அதன் பிறகு வரவு எதுவும் இல்லை என்பது அவர்கள் வாதம். இங்கிலாந்தின் பிரெட் ஹாயில் ஒத்துக்கொள்ளவில்லை. நட்சத்திரங்களே உலைகள், இன்றும் சமையல் நடக்கிறது என்றார். காமோவின் வழியில் ஒரு முட்டுச்சந்து இருந்தது. எடை 5 உள்ள அணுக்கருவும் 8 உள்ளதும் நிலைத்து நிற்காது. ஆகவே ஒவ்வொன்றாகச் சேர்த்து ஹீலியத்தைத் தாண்டி மேலே போவது கடினம். ஆனாலும் இது காகிதச் சண்டையாகவே இருந்தது. மெரிலின் கோடுகள்தான் நட்சத்திரம் தனிமங்களைத் தயாரிக்கிறது என்பதற்கு முதல் கண்கண்ட சாட்சி.

ஆல்பருக்கும் நியாயம் செய்ய வேண்டும். நியூட்ரானை விழுங்கி விழுங்கித்தான் கனத் தனிமங்கள் வளர்ந்தன என்று அவர் சொன்ன முறை சரி. இடம்தான் தவறு.

முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நியூட்ரானுக்கு மின்சுமை கிடையாது. அதனால் எந்த அணுக்கருவுக்குள்ளும் தடையில்லாமல் நுழைந்துவிடும். நட்சத்திரத்துக்குள் இரும்பு-58 என்ற கரு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு நியூட்ரானை விழுங்கினால் இரும்பு-59. இதன் அரை ஆயுள் 44 நாட்கள்தான். அடுத்த நியூட்ரான் வர வருடக்கணக்கில் ஆகும் என்றால், அதற்குள் இரும்பு-59-இல் உள்ள ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, அந்தக் கரு கோபால்ட்-59 ஆகிவிடும். அட்டவணையில் ஒரு படி மேலே போயாயிற்று. இப்படியே நியூட்ரான், பொறுமை, நியூட்ரான், பொறுமை என்று படியேறுவதுதான் மெதுவான நியூட்ரான் ஏற்பு. நமக்குப் பழக்கமான மொழியில் ரெக்கரிங் டெபாசிட். நட்சத்திரம் வெடிப்பது போன்ற பேரழிவுகளில் வினாடிக்குள் நியூட்ரான்கள் மழையாகக் கொட்டும் இன்னொரு முறையும் உண்டு. அது லாட்டரி.

டெக்னீசியம் வருவதும் இந்தப் படிகளில்தான். மாலிப்டினம்-98 ஒரு நியூட்ரானை வாங்கி மாலிப்டினம்-99 ஆகிறது. 66 மணி நேர அரை ஆயுளில் அது டெக்னீசியம்-99 ஆகிறது. மருத்துவமனையில் ஸ்கேனுக்கு வரும் மருந்தையும் இதே மாலிப்டினம்-99-இலிருந்துதான் கறந்து எடுக்கிறார்கள். உடம்பில் ஏற்றும்போது அது கொஞ்சம் கிளர்ச்சி பெற்ற நிலையில் இருக்கும். 6 மணி நேர அரை ஆயுளில் அடங்கி, நட்சத்திரத்தில் உள்ள அதே டெக்னீசியம்-99 ஆகிவிடும்.

படியேறும் வழியில் சில இடங்களில் கூட்டம் தேங்கும். நியூட்ரான் எண்ணிக்கை 50, 82, 126 என்று வந்துவிட்டால் அந்தக் கருக்கள் வயிறு நிறைந்தவை போல. மேலும் ஒன்றை வாங்கத் தயங்கும். இந்த எண்களுக்குக் காரணம் கண்டவர்களில் ஒருவர் மரியா கோப்பர்ட் மேயர். பல ஆண்டுகள் சம்பளமில்லாமலே ஆராய்ச்சி செய்து, 1963-இல் நோபல் பரிசு பெற்ற பெண்மணி. சுங்கச்சாவடியில் வண்டிகள் நிற்பது போல இந்த மூன்று இடங்களிலும் கருக்கள் குவியும். முதல் குவியலில் ஸ்ட்ரான்சியம், இட்ரியம், சிர்கோனியம். இரண்டாவதில் பேரியம், லந்தனம், சீரியம். மூன்றாவதில் காரீயம். மெரிலின் நட்சத்திரங்களில் சிர்கோனியம் அதிகம் இருந்த காரணம் இப்போது உங்களுக்கே புரியும். 1956-இல் ஹான்ஸ் சூயஸ், ஹரால்ட் யூரி இருவரும் விண்கற்களையும் சூரியனையும் ஆதாரமாக வைத்து எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று பட்டியல் போட்டபோது, இந்தக் குவியல்கள் தெளிவாக மேடு தட்டி நின்றன.

காரீயத்துக்கு அடுத்தது பிஸ்மத். அங்கே ஏணி முடிந்துவிடுகிறது. பிஸ்மத்-209 இன்னொரு நியூட்ரானை விழுங்கினால் பொலோனியமாகி, உடனே ஒரு ஹீலியக் கருவைக் கக்கிவிட்டுத் திரும்பக் காரீயத்துக்கே இறங்கிவிடும். பரமபதத்தில் பாம்பு வாயில் விழுவது போல. அதனால் தோரியமும் யுரேனியமும் இந்த மெதுவான வழியில் உண்டாக முடியாது.

இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து எழுதியவர்கள் நால்வர்: மார்கரெட் பர்பிட்ஜ், அவர் கணவர் ஜெப்ரி பர்பிட்ஜ், வில்லியம் பவுலர், பிரெட் ஹாயில். 1957-இல் வந்த அந்தக் கட்டுரை நூறு பக்கத்துக்கும் மேல். மெதுவான ஏற்பு, வேகமான ஏற்பு என்ற பிரிவை நிலைநாட்டியது அதுதான். கனடாவில் அலஸ்டேர் கேமரன் என்பவர் தனியாகவே ஏறக்குறைய இதே முடிவுகளுக்கு அதே ஆண்டில் வந்திருந்தார். நான்கு பேர் சேர்ந்து எழுதியது பிரபலமாகிவிட்டதால் தனியாக எழுதிய அவர் பெயரை இன்று குறைவாகத்தான் கேள்விப்படுகிறோம்.

மார்கரெட் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவர் பிறவி வான்நோக்கர். 1947 வாக்கில் மவுண்ட் வில்சனில் வேலை செய்ய ஒரு ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். பெண்களுக்கு அங்கே தொலைநோக்கியில் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பெண்களுக்கெனத் தனிக் கழிவறை இல்லை என்பதும் அந்தக் காலத்தில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 1955-இல் மீண்டும் முயன்றபோது பவுலர் ஒரு உபாயம் செய்தார். ஜெப்ரி கோட்பாட்டு இயற்பியல் ஆள். தொலைநோக்கியில் அவருக்கு அவ்வளவு பழக்கமில்லை. ஆனால் உதவித்தொகையும் தொலைநோக்கி நேரமும் அவர் பெயருக்கு வாங்கப்பட்டன. மார்கரெட் காகிதத்தில் ‘உதவியாளர்’. மலையில் இரவு முழுவதும் உண்மையில் நோக்கியது அவர்தான். மற்ற ஆராய்ச்சியாளர்கள் சாப்பாட்டு வசதியோடு தங்கும் விடுதியில் இடம் கிடையாது. தம்பதி இருவரும் தனியாக ஒரு சிறு குடிலில் தங்கிச் சமைத்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. கணக்கை ஒருவர் பெயரில் தொடங்கி இன்னொருவர் நடத்துவதை வங்கியில் பினாமி என்போம். இங்கே உழைத்தவர்தான் பினாமிக்குப் பின்னால் ஒளிய வேண்டியிருந்தது.

அந்த ஆண்டுகளில் தம்பதி இருவரும் பேரியம் அளவுக்கு மீறி உள்ள ஒரு நட்சத்திரத்தைத் தனிமம் தனிமமாக அளந்தார்கள். மெதுவான ஏற்பில் அதிகமாக வேண்டிய தனிமங்கள்தான் அதில் அதிகமாக இருந்தன. ஏட்டுக் கணக்கு வானத்தோடு டேலி ஆயிற்று.

1983-இல் நோபல் பரிசு பவுலருக்குக் கிடைத்தது. பரிசின் மறுபாதி நம் சந்திரசேகருக்கு, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவருக்கு. அவர் இளமையில் வெள்ளைக் குள்ள நட்சத்திரங்களுக்குக் கண்ட எடை வரம்பும் இந்தக் கதையோடு தொடர்புள்ளதுதான். நாம் பேசும் ராட்சத நட்சத்திரங்கள் கடைசியில் வெள்ளைக் குள்ளர்களாகத்தான் முடிகின்றன. பவுலர் தகுதியானவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஹாயிலை விட்டது அநியாயம் என்று அன்றே பலர் சொன்னார்கள். என்னைக் கேட்டால், கட்டுரையில் முதல் பெயராக நின்ற மார்கரெட்டைப் பற்றி அந்த அளவுக்குக்கூட யாரும் பேசாதது அதைவிட உறுத்துகிறது. அவர் 1972-இல் கிரீனிச் அரச வான்காணகத்தின் இயக்குநரானார். அதுவரை அந்தப் பதவியோடு சேர்ந்தே வந்த ‘அரச வானியலாளர்’ பட்டம் அவருக்கு மட்டும் வரவில்லை. அது வேறொருவருக்குப் போயிற்று. பெண்களுக்கென்று தனியாக வைத்த ஒரு அமெரிக்க விருதை, பாகுபாடு எந்தப் பக்கம் இருந்தாலும் பாகுபாடே என்று சொல்லி மறுத்தார். 2020-இல், 100 வயதில் காலமானார்.

சரி, நியூட்ரான் எங்கிருந்து வருகிறது? தனி நியூட்ரான் கால்மணி நேரம்கூட நிலைக்காது. இருப்பு வைக்க முடியாத சரக்கு. அந்த இடத்திலேயே தயாரிக்க வேண்டும். சூரியனைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு எடையுள்ள நட்சத்திரம் கிழப் பருவத்தில் நடுவில் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த சாம்பல் உருண்டை, அதைச் சுற்றி ஹீலியம் அடுக்கு, அதற்கு மேல் ஹைட்ரஜன் என்று வெங்காயம் மாதிரி இருக்கும். ஹீலியம் அடுக்கு தொடர்ந்து எரியாது. பல்லாயிரம் ஆண்டுக்கு ஒரு முறை குப்பென்று பற்றி அடங்கும். இதை 1965-இல் பிரின்ஸ்டனில் மார்டின் ஸ்வார்ஸ்சைல்டும் ரிச்சர்ட் ஹார்மும் கணினிக் கணக்கில் கண்டார்கள். ஒவ்வொரு கொதிப்புக்குப் பிறகும் மேலே உள்ள ஹைட்ரஜன் சிறிது கீழே கசிந்து கார்பனோடு சேர்ந்து கார்பன்-13 ஆகிறது. சுமார் 9, 10 கோடி டிகிரி வெப்பத்தில் அந்தக் கார்பன்-13 ஹீலியத்தோடு சேரும்போது ஆக்சிஜன் உண்டாகி ஒரு நியூட்ரான் வெளியே விழுகிறது. இந்த வினையை முதலில் எடுத்துச் சொன்னவர்களில் நாம் மேலே பார்த்த கேமரனும் ஒருவர். கொதிப்பு உச்சத்தில் இருக்கும்போது நியான்-22-இலிருந்தும் கொஞ்சம் நியூட்ரான் கிடைக்கும்.

அடியில் சமைந்ததை மேலே கொண்டுவருவது அடுத்த வேலை. கொதிப்பு அடங்கியதும் வெளி உறையின் கலக்கம் ஆழமாக இறங்கி, புதிதாக உண்டானவற்றை அள்ளி மேற்பரப்புக்குக் கொண்டுவரும். சாம்பாரில் அடியில் தங்கிய பருப்பைக் கரண்டியால் கிளறி எடுப்பது போல. மெரில் கண்ட டெக்னீசியம் இப்படிக் கிளறி வந்தது. இந்தக் கட்டம் மொத்தமே பத்து லட்சம் ஆண்டு அளவில்தான் நீடிக்கும். நட்சத்திரத்தின் ஆயுளில் அது கடைசிச் சில நாட்கள் மாதிரி. மெரிலின் மூன்றாவது சாத்தியத்தில் பாதி உண்மை என்றேனே, அது இதுதான். பிறகு உறை முழுவதும் காற்றாகவும் தூசியாகவும் வெளியேறி விண்வெளியில் கலந்துவிடும். அதிலிருந்துதான் அடுத்த தலைமுறை நட்சத்திரங்களும் கோள்களும் உண்டாகின்றன.

இப்போது வீட்டுச் சாமான்களுக்கு வரலாம். சிவப்பு மத்தாப்பின் நிறம் ஸ்ட்ரான்சியத்தால் வருவது; பச்சைக்குப் பேரியம், அதற்கு இப்போது நீதிமன்றத் தடை இருக்கிறது. அமெரிக்கன் டைமண்ட் கல் சிர்கோனியத்தின் ஆக்சைடு. ஈயச் சொம்பு என்று நாம் சொல்வது உண்மையில் வெள்ளீயம். காரீயம் வேறு, அதில் ரசம் வைத்தால் ஆபத்து. இவை எல்லாவற்றிலும் பாதிக்கு மேல், சிலவற்றில் பெரும்பங்கு, வயதான ராட்சத நட்சத்திரங்களின் சமையல். தங்கம் மட்டும் இந்தக் கணக்கில் அநேகமாக வராது. அதில் மிகச் சிறு பங்குதான் மெதுவான வழி. மீதியெல்லாம் லாட்டரி வழி. இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியதை 2017-இல் கண்டபோது அந்த வழி நடப்பதற்கும் சான்று கிடைத்தது. ஆக, அமெரிக்கன் டைமண்ட் பதித்த தங்கத் தோட்டில் கல் ஒரு இடத்திலிருந்து, தங்கம் வேறு இடத்திலிருந்து.

பேரியம் நட்சத்திரங்களில் ஒரு சிக்கல் இருந்தது. 1951-இல் பிடல்மேன், கீனன் இருவரும் இவற்றை இனம் பிரித்தார்கள். ஆனால் இவை கிழப் பருவத்தின் கடைசிக் கட்டத்துக்கு வந்தவை அல்ல. வருமானமே இல்லாத ஆள் கையில் இவ்வளவு சொத்து எப்படி? 1980-இல் ராபர்ட் மெக்ளூர் குழுவினர் விடை கண்டார்கள். இவை இரட்டையர். கூட்டாளி நட்சத்திரம் முதலில் கிழமாகி, சமைத்ததை இதன் தலையில் கொட்டிவிட்டு, வெள்ளைக் குள்ளனாகச் சுருங்கிவிட்டது. வாரிசுச் சொத்து. இவற்றில் டெக்னீசியம் தெரிவதில்லை. சொத்து கைமாறி அத்தனை காலம் ஆகிவிட்டது.

காரீயத்துக்கும் ஒரு சோதனை நடந்தது. மிகப் பழைய நட்சத்திரங்களில் இரும்பு குறைவு. நியூட்ரான் அதே அளவு, வாங்கிக்கொள்ளும் கருக்கள் குறைவு என்றால், பந்தியில் ஆள் குறைந்தால் இலைக்கு நாலு லட்டு விழுவது போல ஒவ்வொரு கருவுக்கும் நிறைய நியூட்ரான் கிடைக்கும். எல்லாம் ஏணியின் உச்சிவரை போய்க் காரீயத்தில் குவிய வேண்டும். கோட்பாடு அப்படிச் சொன்னது. 2001-இல் சிலி நாட்டிலுள்ள ஐரோப்பியத் தொலைநோக்கியில் அப்படிக் காரீயம் நிறைந்த மூன்று நட்சத்திரங்கள் அகப்பட்டன.

டெக்னீசியம் உள்ள நட்சத்திரம் ஒன்றை நீங்களே பார்க்கலாம். வடவானில் அன்னப் பறவை மண்டலத்தின் நீண்ட கழுத்தில் ‘கை சிக்னி’ இருக்கிறது. ‘கை’ என்பது கிரேக்க எழுத்து. சுமார் 13 மாதத்துக்கு ஒரு முறை ஒளி கூடும்போது வெறும் கண்ணுக்கே தெரியும். மற்ற மாதங்களில் மறைந்துவிடும். செப்டம்பர், அக்டோபர் முன்னிரவில் மொட்டை மாடியிலிருந்து அந்தக் கழுத்தையாவது பார்த்து வையுங்கள், மழை மேகம் விட்டால்.

கடைசியாக ஒரு கல். 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் ஒரு விண்கல் துண்டு துண்டாக விழுந்தது. அதை அமிலங்களில் கரைத்துக் கரைத்துப் பார்த்ததில், சிலிக்கன் கார்பைடு துகள்கள் கிடைத்தன. அரை மைக்ரான், ஒரு மைக்ரான், சில மைக்ரான் அளவு. தலைமுடியின் பருமனைவிடப் பல மடங்கு சிறியவை. சூரியன் பிறப்பதற்கு முன்பே வயதான நட்சத்திரங்களின் காற்றில் உறைந்த தூசி அது. அதே விண்கல்லின் சில துகள்களுக்கு வயது 700 கோடி ஆண்டு வரை போகும் என்று 2020-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். மெதுவான ஏற்பின் கைரேகை அவற்றின் பேரியத்திலும் ஸ்ட்ரான்சியத்திலும் அச்சு அசலாக இருந்தது.

டெக்னீசியம்-99 தேய்ந்தால் ருத்தீனியம்-99 ஆகும். துகள் உறைந்த சமயத்தில் உள்ளே உயிரோடு டெக்னீசியம் இருந்திருந்தால், இன்று அந்த இடத்தில் ருத்தீனியம்-99 கூடுதலாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் சிகாகோவுக்கு அருகிலுள்ள ஆர்கான் ஆய்வகத்தில் ஒவ்வொரு துகளாக லேசரால் ஆவியாக்கி, அணுக்களை எண்ணி, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். டெக்னீசியம் எதிலும் மிச்சமில்லை. ருத்தீனியம்-99 கூடுதலாக இருந்தது.